ஏஸ் காம்பாட் 7: மிஸ்டர் எக்ஸ் பின்னால் சுற்றிச் சுற்றி வருகிறேன், ஏவுகணை ஒன்றும் படவில்லை

மேகத்தில்_தொலைந்தவன்:

வணக்கம் மக்களே. பிளேஸ்டேஷன் 4-ல் ஏஸ் காம்பாட் 7 என்ற போர் விமான விளையாட்டை ஆடுகிறேன். 13-வது மிஷனில் மாட்டிக்கொண்டேன். தரையில் இருக்கும் ஏவுகணைத் தளங்களை அழிக்கும் பகுதி வரை பிரச்சினை இல்லை, அது முடிந்ததும் சுகோய் சு-30எஸ்எம் போர் விமானத்தில் மிஸ்டர் எக்ஸ் என்ற எதிரி விமானி வந்துவிடுகிறார், அப்புறம் என் வண்டவாளம் எல்லாம் தண்டவாளம் ஏறிவிடுகிறது. பச்சை அம்பு காட்டும் பக்கம் ஸ்டிக்கை முழுவதும் தள்ளிப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறேன், அவர் திரைக்குள் வரவே மாட்டேன் என்கிறார். எப்போதாவது வந்து, லாக் (ஏவுகணை வைக்கும் குறி) சிவப்பாகி, இரண்டு ஏவுகணையையும் விட்டால் சாவகாசமாக ஒதுங்கிப் போய்விடுகிறார். அதற்குள் என் பின்னால் எச்சரிக்கை ஒலி கத்த ஆரம்பித்துவிடும்.

கண்ட்ரோல் ஸ்டாண்டர்டில்தான் இருக்கிறது. விமானம் மாற்ற வேண்டுமா, ஆயுதம் மாற்ற வேண்டுமா, அல்லது இந்த வகை விளையாட்டே என் கைக்கு ஒத்துவராதா? கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர் யார் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

ரோல்_பைத்தியம்:

ப்ரோ, விமானத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் ஆப்ஷனுக்குள் போய் ஸ்டாண்டர்டை எக்ஸ்பெர்ட்டுக்கு மாற்றுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்டாண்டர்டில் ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினால் விமானம் கொஞ்சம் சாய்ந்து தானாகவே இடது பக்கம் திரும்பும். முதல் சில மிஷன்களுக்கு அது வசதிதான். ஆனால் அதில் விமானம் முழுசாகப் புரளாது, தலைகீழாகவும் ஆகாது. ஒரு போர் விமானத்தின் உண்மையான திரும்பும் சக்தி மூக்கைத் தூக்கும் திசையில்தான் இருக்கிறது, பக்கவாட்டில் கொஞ்சம்கூட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டர்டில் ஆடுகிறவர் அந்தச் சக்தியைத் தொடாமலேயே சண்டை போடுகிறார்.

எக்ஸ்பெர்ட்டில் செய்ய வேண்டியது இது. எதிரி வலது பக்கம் கொஞ்சம் கீழே இருக்கிறார் என்றால், ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளிப் புரளுங்கள். விமானம் புரளப் புரள, திரையில் அவர் இடம் மாறிக்கொண்டே வருவார். அவர் சரியாக உங்கள் தலைக்கு நேர் மேலே, அதாவது திரையின் மேல் விளிம்பு நடுவில் வந்ததும் புரள்வதை நிறுத்திவிட்டு ஸ்டிக்கைப் பின்னால் இழுங்கள். அவ்வளவுதான். அவர் திரைக்குள் இறங்கி வருவார். புரள், நிறுத்து, இழு. இந்த மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஆரம்பத்தில் எல்லாரும் மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஸ்டிக்கை வட்டமாகக் கிளறுவார்கள், அதனால்தான் விமானம் கோணல்மாணலாகப் போகிறது.

இன்னொன்று, முக்கோணப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கேமரா எதிரி மேலேயே நிற்கும். அந்த அம்பை நம்பிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதே தெரியும். ஆனால் அதைப் பிடித்தபடியே ரொம்ப நேரம் பறந்தால் மலையில் மோதுவீர்கள், அதனால் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

ஏரோ_மாணவி:

மேலே சொன்னதோடு வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வியில் வேகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதிலிருந்தே ஆர்2 (வேகம் கூட்டும் பொத்தான்) முழுசாக அழுத்தப்பட்டிருக்கிறது என்று யூகிக்கிறேன் :)

நிஜ விமானத்தில் திருப்பத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பைலட்டும் இறக்கையும் தாங்கும் ஜி விசைக்கு (புவியீர்ப்பின் மடங்காக அளக்கும் விசை) ஓர் உச்சவரம்பு உண்டு, எஃப்-16 போன்றவற்றில் அது 9 ஜி. அந்த 9 ஜி-யில் மணிக்கு 900 கிலோமீட்டரில் திரும்பினால் வட்டத்தின் ஆரம் 700 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதே 9 ஜி-யில் 600 கிலோமீட்டரில் திரும்பினால் 320 மீட்டருக்குள் முடிந்துவிடும். வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்ததற்கு வட்டம் பாதிக்கும் கீழே சுருங்குகிறது. அதற்காக இன்னும் இன்னும் குறைத்துக்கொண்டே போக முடியாது, ஒரு கட்டத்துக்குக் கீழே இறக்கைக்கு அந்த 9 ஜி-யை உண்டாக்கும் அளவு காற்று கிடைக்காது, மூக்கு கனத்துத் தொங்கிவிடும். இந்த இரண்டு எல்லையும் சந்திக்கும் வேகத்தில்தான் விமானம் மிகக் கூர்மையாகத் திரும்பும். சண்டை விமானிகள் அதை விட்டு விலகாமல் இருக்கத்தான் பாடுபடுவார்கள்.

விளையாட்டு இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை, ஆனால் அதன் சாயல் இருக்கிறது. திருப்பத்துக்குள் நுழையும் முன் எல்2 அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், எதிரி திரைக்குள் வந்ததும் ஆர்2. ரொம்பக் கூர்மையாகத் திரும்ப வேண்டுமென்றால் எல்2, ஆர்2 இரண்டையும் ஒன்றாக அழுத்திக்கொண்டே ஸ்டிக்கை இழுங்கள், இதுதான் ஹை-ஜி திருப்பம். வேகம் மடமடவென்று விழும், அதனால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். இரண்டு பேரும் ஒரே வட்டத்தில் எதிர் எதிர்ப் பக்கத்தில் சிக்கிக்கொண்டு ராட்டினம் சுற்றுவது போலத் தோன்றினால், அந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி வேகத்தை மாற்றுவதுதான். அதே வேகத்தில் எவ்வளவு நேரம் சுற்றினாலும் அதே இடத்தில்தான் இருப்பீர்கள்.

சும்மா_ஒரு_ஆள்:

டிவியில் கேம் மோட் போட்டிருக்கிறீர்களா? அசைவை மென்மையாக்கும் வசதி எல்லாம் ஆன் ஆகி இருந்தால் நீங்கள் ஸ்டிக்கைத் தள்ளுவதற்கும் திரையில் விமானம் சாய்வதற்கும் நடுவில் ஒரு இடைவெளி வரும். திருத்தித் திருத்தி ஓட்டுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பார்த்துவிடுங்கள், செலவில்லாத வேலை.

மேகத்தில்_தொலைந்தவன்:

எல்லாருக்கும் நன்றி. எக்ஸ்பெர்ட்டுக்கு மாற்றினேன், கேம் மோடும் போட்டேன் (அது ஆஃபில்தான் இருந்தது). புரண்டு இழுப்பது பிடிபடுகிறது, மிஸ்டர் எக்ஸ் இப்போது அடிக்கடி திரைக்குள் வருகிறார். ஆனால் இரண்டு புதுத் தொல்லை. ஒன்று, எது வானம் எது தரை என்று தெரியாமல் போய்த் தரையில் முட்டிக்கொள்கிறேன். இரண்டு, லாக் விழுந்தாலும் ஏவுகணை படுவதில்லை. அவர் விடுவது மட்டும் என்மேல் தவறாமல் படுகிறது! ஃபிளேர் (ஏவுகணையைத் திசைதிருப்ப விடும் தீப்பொறி) தீர்ந்துவிட்டால் நான் காலி.

தாழப்பறப்பவன்:

தரைக்கு வைத்தியம் சுலபம். எல்1, ஆர்1 இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் விமானம் தானாகவே நேராகிவிடும். குழப்பமாக இருக்கும் நொடியில் அதைப் பிடியுங்கள், மூச்சு விடலாம். கூடவே உயரம் காட்டும் எண்ணை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், கீழ்நோக்கி இழுக்கும் முன் உயரம் போதுமா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு இழுப்பது நல்ல பழக்கம்.

ஏவுகணை விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். லாக் சிவப்பானால் சுடலாம் என்றுதான் அர்த்தம், பட்டுவிடும் என்று அர்த்தம் கிடையாது. ஏவுகணை விமானத்தைவிடப் பல மடங்கு வேகம், அதனாலேயே அதன் திருப்பம் அகலம். மேலே ஏரோ_மாணவி சொன்ன அதே கணக்கு ஏவுகணைக்கும் பொருந்தும். எதிரி உங்கள் குறுக்கே கடந்து போகும்போது விட்டால் அது வளைந்து பிடிக்க முடியாமல் தாண்டிப் போய்விடும். நேருக்கு நேர் வரும்போது விட்டாலும் பெரும்பாலும் வீண்தான். அவருடைய வால் தெரிய வேண்டும், இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே திசையில் போக வேண்டும், தூரம் குறைய வேண்டும், அப்போது விடுங்கள். விடும்போதும் இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டுவிடாதீர்கள். ஒன்றை விட்டு, அதற்கு அவர் ஒதுங்குவார், ஒதுங்கி முடிக்கும் நேரத்தில் இரண்டாவது. மிஸ்டர் எக்ஸிடம் எனக்குப் பலித்தது இதுதான். அவர் மூக்கை நிமிர்த்தி நடுவானில் நின்று வித்தை காட்டுவாரே, அது முடிந்த கணத்தில் அவருக்கு வேகமே இருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் அவரைத் தாண்டிப் போகாமல் பின்னாலேயே இருந்தால் பீரங்கியிலேயே நன்றாக அடிக்கலாம். அவர் அதைச் செய்யப்போகிறார் என்று தெரிந்ததும் நெருங்காதீர்கள், பிரேக் பிடித்து இடைவெளி விடுங்கள்.

தப்பிப்பதற்கும் இதையே திருப்பிப் போடுங்கள். எச்சரிக்கை ஒலி வந்ததும் நேராக ஓடுவது வேலைக்கு ஆகாது, ஏவுகணைக்கு அதுதான் வேண்டும். ராடாரில் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள், அதற்குக் குறுக்காக விமானத்தைத் திருப்புங்கள், ஒலி நெருக்கமாகும் வரை பொறுத்து, கடைசியில் ஹை-ஜி திருப்பம். பொறுப்பதுதான் கஷ்டம். சீக்கிரம் திரும்பிவிட்டால் அதற்குச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைத்துவிடும். ஃபிளேரை (எல்3, ஆர்3 சேர்த்து) இரண்டு மூன்று ஒன்றாக வரும்போது மட்டும் எடுங்கள்.

மேகத்தையும் மறக்காதீர்கள், உங்கள் பெயரே அதுதானே. மேகத்துக்குள் புகுந்தால் லாக் பிடிப்பது சிரமம், அவருக்கும் உங்களுக்கும். ஆனால் உள்ளேயே குடியிருந்தால் இறக்கையில் பனி பிடித்து விமானம் சொன்ன பேச்சு கேட்காது.

ரோல்_பைத்தியம்:

அந்த நடுவான வித்தையை நீங்களும் செய்யலாம், எக்ஸ்பெர்ட்டில் மட்டும். எஃப்-22, சு-35, சு-57 மாதிரி சில விமானங்களுக்குத்தான் அந்த வசதி. வேகத்தை நன்றாகக் குறைத்து, இரண்டு டிரிகரையும் அழுத்தி, மூக்கை இழுக்க வேண்டும். பின்னால் வந்தவர் உங்களைத் தாண்டி முன்னால் போய்விடுவார். பார்க்கவே ஆனந்தமாக இருக்கும்.

ஏரோ_மாணவி:

ஆனந்தம்தான், ஆனால் இந்த மிஷனில் மாட்டியிருக்கிற ஒருவருக்கு அதைச் சொல்லித்தர மாட்டேன். அதைச் செய்து முடித்ததும் கையில் வேகமே இருக்காது, அதே நேரத்தில் ஒரு ஏவுகணை வந்தால் நகரக்கூட முடியாது. நிஜத்திலும் இது பெரும்பாலும் விமானக் கண்காட்சி வித்தைதான். 1989 பாரிஸ் கண்காட்சியில் விக்டர் புகச்சேவ் சு-27-ஐ வைத்து மூக்கைச் செங்குத்தையும் தாண்டி நிமிர்த்திக் காட்டினார், 'கோப்ரா' என்ற பெயரோடு உலகப் புகழ் பெற்றது. அந்த சு-27-ல் உந்துவிசையின் திசையை மாற்றும்படி திரும்பும் முனை கொண்ட எஞ்சின்கூடக் கிடையாது. எஃப்-22-ல் எஞ்சின் முனைகள் மேலும் கீழும் 20 டிகிரி வரை திரும்பும், அதனால் அது காற்று கைவிட்ட நிலையிலும் மூக்கை ஆட்டும். ஆனால் எந்த விமானமாக இருந்தாலும் இழந்த வேகத்தைத் திரும்பச் சேர்க்க நேரம் பிடிக்கும், சுற்றிலும் மற்ற எதிரிகள் இருந்தால் அந்த நேரம் கிடைக்காது.

ரோல்_பைத்தியம்:

சரி சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிஸ்டர் எக்ஸை அவர் பாணியிலேயே அடிக்கும் சுகம் கணக்குப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

எரிபொருள்_தீர்ந்தது:

ஆயுதம் பற்றிக் கேட்டாரே, யாரும் சொல்லவில்லை. க்யூஏஏஎம் என்ற சிறப்பு வான் ஏவுகணையை ஏற்றக்கூடிய விமானம் உங்களிடம் இருந்தால் அதை எடுங்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் கூர்மையாக வளைந்து துரத்தும். நான்கு இலக்கை ஒரே நேரத்தில் பிடிக்கும் வகை ஏவுகணைகள் கூட்டத்துக்கு நல்லது, ஒற்றை ஆளுக்கு வீண். எம்ஆர்பி (விளையாட்டுக்குள் விமானம், பார்ட்ஸ் வாங்கும் புள்ளிகள்) போதவில்லை என்றால் ஃப்ரீ மிஷனில் பழைய மிஷன்களை மறுபடி ஆடிச் சேர்க்கலாம். விமானத்துக்குப் போவதற்கு முன் சாதாரண ஏவுகணையின் துரத்தும் திறனைக் கூட்டும் பார்ட்ஸில் கொஞ்சம் போடுங்கள், எந்த விமானத்தில் ஏறினாலும் உதவும். எத்தனை ஏவுகணை வீணானாலும் கவலை வேண்டாம், நிஜ எஃப்-16-ல் வான் ஏவுகணை ஆறுதான் ஏறும், இங்கே டஜன் கணக்கில் கொடுத்திருக்கிறார்கள், தாராளமாகச் சுடுங்கள்.

இன்னொன்று: அவரை இந்த மிஷனில் வீழ்த்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். போதுமான அடி விழுந்தால் கதை தானாக நகரும். இது கதையை உடைப்பதாகாது என்று நம்புகிறேன்.

மேகத்தில்_தொலைந்தவன்:

முடிந்தது மக்களே!! ஒன்றை விட்டு, அவர் ஒதுங்கியதும் இரண்டாவதை விட்டது பட்டது. அப்புறம் அவர் நடுவானில் நிமிர்ந்தபோது பிரேக் பிடித்து நின்று பீரங்கியால் அடித்தேன். கை இன்னும் நடுங்குகிறது.

கடைசியாக ஒரு கேள்வி. ஜாய்ஸ்டிக் வாங்கினால் இன்னும் நன்றாக ஆட முடியுமா?

தாழப்பறப்பவன்:

வாழ்த்துகள்! த்ரஸ்ட்மாஸ்டர் டி.ஃபிளைட் ஹோட்டாஸ் 4 இந்த விளையாட்டுக்குப் பொருந்தும், கன்சோலில் எல்லா ஸ்டிக்கும் ஓடாது, அதனால் பார்த்து வாங்குங்கள். அனுபவம் அருமையாக இருக்கும், ஆனால் கண்ட்ரோலரில் இரண்டு கட்டைவிரலில் பழகியதை மறுபடி முழுக் கையில் பழக வேண்டும். இந்தக் கதையை முடித்துவிட்டு வாங்குங்கள். இன்னும் மேலே போனால் அவர் வேறு விமானத்தில் வருவார், அதற்கு மேல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.