புனலூரில் ஒரு மாருதி ஈகோ வேன்: 2016 மாடல், மீட்டரில் 62,000 கி.மீ. நம்பி வாங்கலாமா? உதவி தேவை

புளியரை டீச்சர்:
வணக்கம். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி நாலு மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை தென்காசிக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டும். காரில் குனிந்து ஏற அவங்களால் முடியவில்லை, ஆட்டோவில் குலுக்கல் தாங்கவில்லை. ஸ்லைடிங் டோர் வைத்த வண்டிதான் சரிப்படும் என்று தேடியதில் புனலூரில் ஒரு ஈகோ வந்திருக்கிறது. ஏழு சீட், பெட்ரோல், ஏசி கிடையாது. நம்பர் கே.எல். 30. புரோக்கர் 2,90,000 சொல்கிறார். ஒரே ஓனர், வீட்டு உபயோகம் மட்டும் என்கிறார்.

போன ஞாயிறு போய்ப் பார்த்தோம். நாங்கள் போய் இறங்கும்போதே வண்டி ஸ்டார்ட்டிங்கில் நின்றது. புது பெயின்ட், புது சீட் கவர், தரைக்குப் புது மேட். ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிளட்சை விட்டு வண்டியை எடுக்கும்போது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கேட்டால், ஈகோ என்றாலே அப்படித்தான் என்கிறார். வருகிற ஞாயிறுக்குள் 20,000 அட்வான்ஸ் வேண்டுமாம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். வண்டி விவரம் தெரிந்த ஆள் வீட்டில் இல்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?

எடமண் ஒர்க்‌ஷாப்:
டீச்சர், முதலில் அட்வான்ஸ் பேச்சை நிறுத்தி வையுங்க. நீங்க சொன்னதில் என்னை உறுத்துவது அந்த டொக் சத்தம் இல்லை. நீங்க போவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தாரே, அதுதான்.

சூடான இன்ஜின் பாதிக் குறையை மறைத்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் உண்மை வெளியே வரும். ஈகோவுக்கு இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்க, ஜில்லென்று இருக்கணும். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்குப் பார்க்க வேண்டாம், திரும்பி வந்துடுங்க. ஸ்டார்ட் செய்யும்போது ஒருத்தர் சைலன்சர் பக்கம் நிற்கணும். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது சாதாரணம். சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் மூடியைத் திறந்து அடியைப் பாருங்க. பால் காபி மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

அந்த டொக் சத்தத்துக்கு வருகிறேன். ஈகோவுக்கு இழுவை பின் சக்கரத்தில். கியர் பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டு, அதாவது புரொபெல்லர் ஷாஃப்ட், அதன் இணைப்பில் உள்ள ஜாயின்ட் கிராஸ் தேய்ந்தால் இப்படித்தான் சத்தம் வரும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் திருகினால் ஆட்டம் தெரியும். கிராஸ் மாற்றுவது சின்ன வேலை. ஆனால் 50, 60 வேகத்தில் பின்னாலிருந்து 'ஊ' என்று ஊளைச் சத்தம் வந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் அது மாறினால் டிஃபரென்ஷியலில், அதாவது பின் ஆக்ஸில் நடுவில் உள்ள கியர் பெட்டியில், கிரவுன் பினியன் பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கலாம். அது பெரிய செலவு. இரண்டும் வேறு வேறு. எல்லா ஈகோவும் அப்படித்தான் என்று சொல்லிக் கடந்து போகிற விஷயம் இல்லை.

இன்னொன்று. 2016 வண்டியில் இருப்பது பழைய 1,196 சிசி இன்ஜின், அதற்கு டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்று பில் கேளுங்க. பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் குறைங்க.

கோட்டைவாசல் டிரைவர்:
டீச்சர், புனலூர் டவுனுக்குள்ள ஓட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. வண்டிய தென்மலை, ஆரியங்காவு வழியா உங்க ஊருக்கே கொண்டாரச் சொல்லுங்க. அங்க ஆறு பேர ஏத்திக்கிட்டு திரும்ப கோட்டைவாசலுக்கு ஏறுத மலை ரோட்டு எஸ் வளைவுல ஏறணும். நான் பதினாலு வருசமா இந்த ரோட்டுல ஓட்டுதேன். ஏத்தத்துல பொய் சொல்லுத வண்டிய நான் பாத்ததில்ல. இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குதுன்னா கிளட்ச் பிளேட் போச்சு. மேல கோட்டைவாசல்ல நிறுத்தி, ஆஃப் பண்ணாம ரெண்டு மூணு நிமிசம் அப்படியே விடுங்க. கருகல் வாடை வருதா, ரேடியேட்டர் ஃபேன் ஓடுதா பாருங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியத் தொறந்துராதீங்க. எறங்கும்போது பிரேக் ஒரு பக்கமா இழுக்குதான்னும் பாத்துக்கிடுங்க.

செங்கன்னூர் மருமகள்:
அக்கா, நான் தென்காசிப் பொண்ணு, கட்டிக் கொடுத்தது செங்கன்னூரில். கே.எல். 30 எங்க ஊர் நம்பர். அதனால்தான் எழுதுகிறேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பம்பை ஆறு எங்க தெருவுக்குள்ளேயே வந்தது. எங்க வீட்டு வண்டியும் முங்கியது. கழுவிக் காயவைத்து ஓட்டினோம். ஒரு வருஷம் நல்லாத்தான் ஓடியது. அதற்குப் பிறகு ஒரு நாள் லைட் எரியாது, ஒரு நாள் வைப்பர் ஓடாது, ஒரு நாள் நடு ரோட்டில் நின்றுவிடும். ஒயரிங் கப்ளிங்குகள் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. மாமனார் கடைசியில் மனசே இல்லாமல் கொடுத்துவிட்டார்.

கே.எல். 30 வண்டி எல்லாமே முங்கியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2016 மாடல் என்றால் வெள்ளத்தின்போது அது அங்கேதான் நின்றிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. மேலே தெரிவதைத் துடைப்பார்கள், உள்ளே சுருண்டிருப்பதை யாரும் துடைக்க மாட்டார்கள். மேட்டைத் தூக்கி சீட் போல்ட்டுகளைப் பாருங்க. ஸ்லைடிங் டோர் ஓடும் தண்டவாளத்தின் மூலையில் விரல் விட்டுப் பாருங்க, முங்கிய வண்டி என்றால் காய்ந்த வண்டல் இருக்கும். ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்க் கோடு இருக்கும். புது பெயின்ட், புது சீட் கவர், புது மேட் மூன்றும் சேர்ந்து வந்ததைப் படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

தென்காசி ஆர்.சி. வேலை:
பேப்பர் விஷயம் மட்டும் சொல்கிறேன். கேரள வண்டி என்றால் அந்த ஆர்.டி.ஓ. ஆபீசில் ஃபாரம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று), பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. வண்டி மேல் லோன் இருந்தால் அதை நீக்க ஃபாரம் 35. இங்கே வந்து நம்பரை மாற்றி, தமிழ்நாட்டு ஆயுள் வரியைப் புதிதாகக் கட்டணும். கேரளாவில் கட்டியதில் மீதிக் காலத்துக்கு ரீஃபண்டை அங்கேதான் கேட்டு வாங்கணும். ஆகவே 2,90,000-ஐ மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீங்க. எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர் என்று பாருங்க. பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் கேளுங்க. ஃபுல் கவரில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்றிருந்தால், அந்த ஓனர் தொடர்ந்து அஞ்சு வருஷம் கிளெய்ம் எடுக்கவில்லை. பூஜ்யம் என்றிருந்தால் ஏன் என்று கேட்கணும்.

புளியரை டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. புதன் காலை ஆறரைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் புனலூர் போனோம். கோட்டைவாசல் அண்ணாச்சியே கூட வந்தார், டீசல் காசு கூட வாங்கவில்லை.

இன்ஜின் ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை கொஞ்ச நேரம் வந்து நின்றது. அதை விலையில் பேசிக்கொள்ளலாம் என்றுதான் அண்ணாச்சி சொன்னார். பிறகு நான் நடு சீட் பெல்ட்டை இழுத்தேன். கடைசி ஒரு முழம் செம்மண் நிறத்தில் இருந்தது. மேட்டைத் தூக்கினால் சீட் போல்ட்டு நாலும் துருப்பிடித்துக் கிடந்தது. தண்டவாள மூலையில் சுரண்டியதில் வண்டல் கையோடு வந்தது. ஆப்பில் மூன்றாவது ஓனர் என்று காட்டியது. ஓனர் கதையைக் கேட்டபோது புரோக்கர் பதில் சொல்லவில்லை, 20,000 குறைக்கிறேன் என்றார். எஸ் வளைவு வரை போகவே இல்லை, திரும்பி வந்துவிட்டோம்.

செங்கன்னூர் தங்கச்சி, நீங்க எழுதாமல் இருந்திருந்தால் பெல்ட்டை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்காது. அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த வண்டி நடு ரோட்டில் நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்!

இப்போது இலஞ்சியில் ஒரு டி.என். 76 ஈகோ சொல்கிறார்கள், 2018 மாடல், 88,000 கி.மீ. எடமண் அண்ணாச்சி, ஒரு நடை வர முடியுமா?

எடமண் ஒர்க்‌ஷாப்:
சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துடறேன் டீச்சர். நான் வரும் வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று மட்டும் அவங்ககிட்ட சொல்லி வையுங்க.