"விசுவாசம் இருந்தால் பணம் வரும்" என்ற போதனையை நேரில் சந்தித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆசிரியை, தென்காசிப் பக்கம்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு அக்கா இருக்கிறார்கள். மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கன்வென்ஷனில் பிரசங்கியார், "கொடுக்க வலிக்கிற ஒன்றை விதையாகப் போடுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்" என்றாராம். அக்கா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டார்கள். பையன் உடம்பில் மாற்றம் இல்லை. அந்த ஊழியத்துக்குப் போன் செய்தால், "வீட்டில் யாருக்கோ அவிசுவாசம் இருக்கிறது, அதுதான் தடை" என்று பதில். அன்று முதல் அக்கா தன் பிள்ளையையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "நீதான் நம்பலையாடா?" என்று அவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

சங்கிலி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதை என்னால் பொறுக்க முடியவில்லை. நூறு மடங்கு என்று அவர்கள் எடுத்துக்காட்டுகிற மாற்கு 10:30-ஐ முழுதாக வாசியுங்கள். "துன்பங்களோடேகூட நூறத்தனையாக" என்றுதான் இயேசு சொல்கிறார். அந்த முதல் வார்த்தையை மேடையில் யாரும் வாசிப்பதில்லை. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் இல்லை, அவனைப் பெற்றவர்களும் இல்லை என்றாரே, அவர் பெயரில் எப்படி இப்படிப் பழி போட முடிகிறது?

ஷார்ஜாவில் வேலை செய்கிறவர்:

இங்கே வெள்ளிக்கிழமை ஐக்கியக் கூடுகைகளில் இது வேறு மாதிரி வரும். புதிதாக வேலை கிடைத்த தம்பிகளிடம், முதல் மாதச் சம்பளம் முழுவதையும் முதற்பலனாகக் கொடுத்தால் வேலை நிலைக்கும் என்று ஊரிலிருந்து வந்த ஒரு ஊழியர் சொன்னார். என் அறைத்தோழன் ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கி விசா எடுத்து வந்தவன். அப்படியே கொடுத்தான். ஆள்குறைப்பு வந்தபோது அவன் பெயரும் பட்டியலில் இருந்தது. ஐக்கியத்தில் யாரும் அவனைத் திட்டவில்லை. ஆனால் சாட்சி நேரத்தில் அவனிடம் மைக் போவது நின்றது, அவனும் வருவதை நிறுத்திவிட்டான்.

பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். ஒருவனுடைய வெள்ளியையும் பொன்னையும் நான் இச்சிக்கவில்லை என்று எபேசு மூப்பர்களிடம் தைரியமாகச் சொல்ல அவரால் முடிந்தது. இங்கே வரும் ஊழியர்களில் அப்படிச் சொல்லக்கூடியவரைத்தான் நான் தேடுகிறேன்.

ஓய்வுபெற்ற உபதேசியார், நாசரேத்:

தம்பி, டீச்சரம்மா, இரண்டு பேர் எழுதியதையும் வாசித்து மனம் கனத்தது. இந்தச் செழிப்பு உபதேசம் எங்கிருந்து வந்தது என்பதையும் நம் ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேதத்தில் இருக்கிறது, ஆதித் திருச்சபை போதித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று நாம் கேட்கிற வடிவம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவானது. வாயால் அறிக்கை செய்தால் கிடைக்கும் என்பதற்கு இ. டபிள்யூ. கென்யன் என்ற பிரசங்கியார் அடித்தளம் போட்டார், அவருக்குப் பின் கென்னத் ஹேகின் என்ற பிரசங்கியார் அதைப் பரப்பினார். காணிக்கையை விதை என்று சொல்லும் பழக்கத்தைப் பிரபலமாக்கியவர் ஓரல் ராபர்ட்ஸ். 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கர்த்தர் என்னை எடுத்துக்கொள்வார் என்று 1987-இல் டிவியில் சொன்னவரும் அவரே. பிற்காலத்தில் ஹேகினே, இந்தப் போதனை எல்லை மீறிப் போய்விட்டது என்று 2000-இல் ஒரு புத்தகம் எழுதிக் கண்டித்தார். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது) பற்றித் தான் போதித்தது சரியல்ல என்று கிரெஃப்லோ டாலர் என்ற அமெரிக்கப் பிரசங்கியார் 2022-இல் தன் சபையாரிடமே சொன்னார். அங்கே திருத்திக்கொண்டதெல்லாம் இங்கே வந்து சேரவில்லை. பழைய கேசட்தான் இன்னும் ஓடுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். கானா நாட்டு அக்ரோபோங்கில் 2008-லும் 2009-லும் லோசான் இயக்கம் என்ற உலகளாவிய சுவிசேஷ இயக்கத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க இறையியலாளர்கள் கூடி இதை ஆராய்ந்தார்கள். தேவன் அற்புதம் செய்கிறார் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் நாம் ஒரு முறையைக் கையாண்டால் அவர் வல்லமை தானாக வந்துவிடும் என்பதை வேதத்துக்கு விரோதம் என்றார்கள். வறுமையும் வியாதியும் எப்போதும் சாபம் அல்லது அவிசுவாசத்தின் அடையாளம் என்பதையும் தள்ளினார்கள். வறுமையை அனுதினமும் பார்க்கிறவர்கள் சொன்னது என்பதால் எனக்கு இதில் மதிப்பு அதிகம்.

"அவருடைய தரித்திரத்தினாலே ஐசுவரியவான்களாகும்படிக்கு" என்ற 2 கொரிந்தியர் 8:9-ஐ நம்மிடம் காட்டுவார்கள். அப்புறம் அந்த அதிகாரத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். மக்கெதோனியர் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்குக் கொடுத்தார்கள். உங்களைப் பணக்காரர் ஆக்குவேன் என்று பவுல் அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அந்தக் காணிக்கை போனதும் பசித்தவர்களிடம்தான்.

பெந்தெகொஸ்தே சபைப் போதகர், வடசென்னை:

உபதேசியார் ஐயாவுக்கு நன்றி. ஒரு வேண்டுகோள், பெந்தெகொஸ்தே என்றாலே இதுதான் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் அப்பா காலத்து ஊழியக்காரர்கள் வெள்ளை உடுப்பு, ஓட்டைச் சைக்கிள், குந்துமணிப் பொன் இல்லாத மனைவி என்று வாழ்ந்தவர்கள். நான் இன்றும் வியாதியஸ்தர்மேல் கை வைத்து ஜெபிக்கிறேன், கர்த்தர் சுகமாக்குவார் என்று முழு மனதோடு நம்புகிறேன். அதே நேரத்தில், தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்று பவுல் எழுதியிருப்பதும் என் வேதாகமத்தில்தான் இருக்கிறது.

போதகர்களுக்கான ஒரு கூட்டத்தில், "உங்கள் கார்தான் உங்கள் சாட்சி, பழைய வண்டியில் போனால் எந்த விசுவாசி உங்களை நம்புவான்?" என்று ஒருவர் வகுப்பெடுத்தார். நான் எழுந்து, தலைசாய்க்க இடமில்லாத இயேசுவை அப்படியானால் யார் நம்பியிருப்பார்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் டீ நேரத்தில் சின்னச் சபைகளை நடத்துகிற சில தம்பிகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் சபையில் காணிக்கைக்கு முன்னால் பண ஆசீர்வாதச் சாட்சி சொல்லவைப்பதை நிறுத்திவிட்டோம். வேலை போனவர்கள், கடனில் இருப்பவர்கள் பேசவும் நேரம் கொடுக்கிறோம். வரவு செலவைச் சபைமுன் வாசிக்கிறோம், என் சம்பளமும் அதில் வரும். அதனால் இரண்டு மூன்று வசதியான குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஷார்ஜாவில் வேலை செய்கிறவர்:

போதகரே, அந்த வரவு செலவு வாசிப்பை எப்படித் தொடங்கினீர்கள், கமிட்டி ஒத்துக்கொண்டதா? எங்கள் ஐக்கியத்தில் அடுத்த மாதம் இதை எடுத்து வைக்கலாம் என்று இருக்கிறேன். அந்தத் தம்பியின் நம்பர் என்னிடம் இருக்கிறது, இன்று இரவு அவனோடும் பேசுகிறேன்.