புதுப்பிப்பு: ஏற்காட்டுப் பன்றிக் கொட்டகையில் அம்மோனியா நெடி

ஏற்காட்டிலுள்ள எங்கள் பன்றிக் கொட்டகையில் விடியற்காலையில் கண்ணெரியும் அளவுக்கு அம்மோனியா நெடி வீசுவதாகவும், குட்டிகள் இருமுவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். சிறுநீரிலுள்ள யூரியாவைச் சாணத்திலுள்ள யூரியேஸ் நொதி சிதைப்பதால்தான் அந்த வாயு உண்டாகிறது என்பதால், இரண்டும் கலந்து தேங்காதபடி தரையை வடிகால் பக்கம் சரித்துப் பூசி, சிறுநீரை மூடிய தொட்டிக்குத் திருப்பிவிட்டேன். பனிக்குப் பயந்து இரவெல்லாம் தார்ப்பாயை இறுகக் கட்டியது என் தவறு. இப்போது கூரையை ஒட்டி ஒரு முழம் திறந்தே இருக்கிறது. வழித்தெடுத்த சாணத்தைக் காய்ந்த காப்பித் தோலும் சில்வர் ஓக் சருகும் கலந்து குவிக்கிறேன். இவை தரும் கரிமம் (கார்பன்) குவியலிலுள்ள நைட்ரஜனைப் போல் 25 முதல் 30 மடங்கு இருந்தால் நெடி பெரிதும் அடங்குகிறது. நேற்றுக் குவியலைக் கிளறியபோது வெறும் ஆவிதான் எழுந்தது. ஒரு குட்டி மட்டும் இன்னும் இருமுகிறது. அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டவிருக்கிறேன்.