கல்லடி வீட்டார் வாட்ஸ்அப் குழு: வசந்தியின் தையல் பாடநெறி

வசந்தி (மாலை 6:40): எல்லோருக்கும் வணக்கம். மகள் யாழினிக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். முன்பள்ளியில் எனக்குக் கிடைக்கும் கொடுப்பனவை வைத்து அவளுடைய அறை வாடகையையும் சாப்பாட்டையும் சமாளிக்க முடியாது. அதனால் சாறிச் சட்டை வெட்டித் தைப்பதை இணையவழிப் பாடநெறியாக்கி விற்கலாம் என்று நினைக்கிறேன். நகரில் ஒருவர் இணையத்தளமும் காணொளிகளும் செய்து தருவதற்கு 45,000 ரூபா கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பாதிக் காசு கட்ட வேண்டுமாம். கட்டலாமா, அண்ணா?

தங்கராசா: இப்போது கட்டாதே. முதலில் பேசுவோம்.

கோகிலா: நல்ல யோசனை, அக்கா. டொரொண்டோவில் நாங்கள் சட்டைத் துணியை ஊருக்கு அனுப்பித்தான் தைப்பிக்கிறோம். கற்றுக்கொள்ள ஆசைப்படும் பெண்கள் இங்கே பலர் இருக்கிறார்கள்.

மல்லிகா: எந்த வெட்டைக் கற்பிக்கப் போகிறாய்?

வசந்தி: உடம்போடு படிய நான்கு இடத்தில் துணியை மடித்து டாட் பிடித்து, உள்ளே லைனிங் துணி போட்டுத் தைக்கும் சட்டை, அக்கா.

மல்லிகா: அது நான் உனக்குக் காட்டித்தந்த வெட்டு.

சுதன் (மல்லிகாவின் மகன்): சின்னம்மா, வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்து அவசரப்படுத்துகிறவருக்குக் காசு கொடுக்க வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன். 2021 இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது உயர்தரக் கணக்கீட்டுப் பாடத்தை அறுபது மணித்தியாலம் பதிவுசெய்தேன். எந்த இடம் விளங்கவில்லை என்று ஒரு பிள்ளையிடமும் கேட்காமல், எனக்குப் பிடித்த ஒழுங்கில் முதலிலிருந்து கடைசிவரை பேசி முடித்தேன். பதினொரு பேர் வாங்கினார்கள். அவர்களில் ஏழு பேர் மூன்றாவது காணொளியைத் தாண்டவேயில்லை. தளத்துக்கான ஆண்டுக் கட்டணத்தை நான் கட்டத் தவறியபோது, பாடத்தோடு சேர்ந்து பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்களும் போய்விட்டன. பாடம் போனதைவிட அந்த இலக்கங்கள் போனதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது, ஏனென்றால் அடுத்த பாடத்தை வாங்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

தங்கராசா: அப்படியென்றால் என்ன செய்யச் சொல்கிறாய், மருமகன்?

சுதன்: பதிவுசெய்வதற்கு முன்பே விற்க வேண்டும், மாமா. தெரிந்தவர்களில் ஐந்து முதல் பத்துப் பேரைச் சேர்த்து, சிறிய கட்டணம் வாங்கி, சூம் வழியாக நேரடியாகக் கற்பிக்கட்டும். இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தோடு நின்றுவிடும். அது நல்லதுதான், ஏனென்றால் ஒரு வகுப்பில் ஒரு வெட்டுக்குமேல் கற்பிக்கக் கூடாது. அந்தப் பத்துப் பேரும் எந்த இடத்தில் துணியைப் பிழையாக வெட்டுகிறார்களோ, அந்த இடங்கள்தான் பாடநெறியின் தலைப்புகள். எல்லாம் முடிந்த பிறகு, அவர்கள் கேட்ட கேள்விகளின் ஒழுங்கிலேயே பதிவுசெய்யலாம். இதற்கு 45,000 ரூபா தேவையில்லை. வாட்ஸ்அப் குழுவும் வங்கிக் கணக்கும் போதும்.

யாழினி: யூடியூப்பில் போட்டால் என்ன, அண்ணா?

சுதன்: விளம்பர வருமானம் வருவதற்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களுக்குள் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். உன் அறை வாடகை அதுவரை காத்திருக்காது. ஆனால் யூடியூப்பை வாசலாக வைத்துக்கொள்ளலாம்: ‘கழுத்து ஏன் சரிந்து விழுகிறது’ என்று ஒரேயொரு பிழையை மட்டும் எடுத்து, நான்கு நிமிடத்தில் திருத்திக் காட்டி, மிச்சம் வகுப்பில் என்று சொன்னால், வர விரும்புகிறவர் வருவார்.

கோகிலா: பாடநெறிகளை விற்கும் உடெமி போன்ற பெரிய தளத்தில் போடலாமே?

சுதன்: போடலாம், சின்னம்மா, ஆனால் இரண்டாவது படியாக. அங்கே கட்டணப் பாடநெறிக்குக் குறைந்தது ஐந்து பாடங்களும் 30 நிமிடக் காணொளியும் வேண்டும். அது பெரிய வேலையில்லை. நாம் பகிரும் கூப்பன் வழியாக ஒருவர் வாங்கினால் 97 சதவீதம் நமக்கு. தளம் தானாகக் கொண்டுவந்தவர் வாங்கினால் 37 சதவீதம்தான். வாங்கியவர் 30 நாட்களுக்குள் காசைத் திருப்பிக் கேட்கவும் முடியும். ஆனால் நான் தயங்குவது சதவீதத்துக்காக அல்ல. வாங்கியவரின் தொலைபேசி இலக்கம் நம் கைக்கு வராது என்பதற்காகத்தான்.

யாழினி: போன சனிக்கிழமை நானும் அம்மாவும் ஒரு பாடத்தை எடுத்துப் பார்த்தோம். மஞ்சள் துணியில் சோக்குக் கோடு தெரியவேயில்லை. கறுப்புத் துணியில் வெள்ளைச் சோக்கால் கீறிய பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. ஏணியின் மேற்படியில் கைபேசியைக் கட்டி, கீழே மேசையைப் போட்டு எடுத்தோம். கமக்கட்டு வளைவை வெட்டும்போது அம்மாவின் வலக்கை கத்தரிக்கோலையே மறைத்துவிடுகிறது. ஏணியை இடப்பக்கம் நகர்த்தியதும் வெட்டுவாய் முழுவதும் தெரிந்தது. சத்தத்துக்காக மின்விசிறியை நிறுத்தினோம், அம்மாவின் வியர்வை துணியில் சொட்டியது. சரியாக வந்தது என்று நினைத்தபோது மீன்காரரின் ஹோர்ன் கேட்டது.

வசந்தி: விடியற்காலை நாலரைக்கு எடுத்தால் அமைதியாக இருக்கும்.

மல்லிகா: சுதன், நான் சொன்னதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. வீடும் அம்மாவின் சிங்கர் இயந்திரமும் வசந்திக்குப் போனதைப் பற்றி நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது நம் ஊர் வழக்கம், எனக்கும் ஆரையம்பதியில் கட்டித் தந்தார்கள். ஆனால் கலியாணத்துக்கு முன்பு, அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனையோ துணியை வீணாக்கித்தான் அந்த வெட்டை நான் பிடித்தேன். பிரவுண் பேப்பர் அளவுத் தாள்களில் என் கையெழுத்து இன்றும் இருக்கும்.

வசந்தி: இருக்கிறது, அக்கா. அந்தத் தாள்களை வைத்துத்தான் இன்றும் வெட்டுகிறேன்.

தங்கராசா: இதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒருவர் எழுதியதையும் வரைந்ததையும் பாதுகாக்கிறது. வேலை செய்யும் முறையை அது பதிப்புரிமையால் பாதுகாப்பதில்லை. ஆகவே சட்டை வெட்டும் முறை யாருக்கும் தனிச்சொத்தல்ல. ஆனால் மல்லிகாவின் தாள்களையும் குறிப்புகளையும் படமெடுத்து விற்பதானால் அவளுடைய சம்மதம் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். முதல் வகுப்பிலேயே ‘இதை என் அக்காவிடம் கற்றேன்’ என்று வசந்தி சொல்ல வேண்டும்.

வசந்தி: சொல்லாமல் இருப்பேனா, அண்ணா?

சுதன்: அம்மா, தைத்து முடிந்த சட்டையைப் பிரித்துத் திருத்துவதில் உங்களைப்போல ஒருவரும் இல்லை. அந்தப் பாடத்தை நீங்களே கற்பியுங்கள்.

மல்லிகா: என் முகம் வரக் கூடாது. கை மட்டும் என்றால் வருகிறேன்.

கோகிலா: பங்கு எப்படி?

மல்லிகா: அதை நேரில் பேசுவோம்.

கோகிலா: சரி. கட்டணம் ஆளுக்கு 40 டொலர் வைக்கலாம், இங்கே அது பெரிய காசில்லை.

வசந்தி: இங்கே கற்க விரும்பும் பிள்ளைகள் அவ்வளவு காசுக்கு எங்கே போவார்கள்? வாழைச்சேனையிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் 2,500 ரூபாவுக்குமேல் வாங்க எனக்கு மனம் வராது.

தங்கராசா: இரண்டு கட்டணம் வைத்தால் வெளிநாட்டிலுள்ளவர்கள் குறை சொல்வார்களா?

கோகிலா: சொல்ல மாட்டார்கள், அண்ணா. ஊர்ப் பிள்ளையின் படிப்புக்கும் உதவுகிறது என்றால் சந்தோஷப்படுவார்கள்.

தங்கராசா: காசு வங்கி வழியாகவே வரட்டும், ஆள் மூலம் காசு கைமாறும் உண்டியல் முறை வேண்டாம், கணக்குக் காட்ட முடியாது. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் வருமானத்துக்கு வரி நிவாரணம் இருப்பதால் இப்போதைக்குப் பயமில்லை. ஆனாலும் வாங்கிய ஒவ்வொரு சதத்தையும் முதல் நாளிலிருந்தே கொப்பியில் எழுதி வை.

சுதன்: நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சனிக்கிழமை மாலை 6:30 மணி என்றால், கோடை காலத்தில் லண்டனில் பிற்பகல் 2 மணி, டொரொண்டோவில் காலை 9 மணி. மூன்று இடத்துக்கும் பொருந்துகிறது. வரும் சனிக்கிழமையே தொடங்கலாம்.

மல்லிகா: வரும் சனிக்கிழமை அம்மாவின் திவசம். மறந்துவிட்டாயா?

சுதன்: மன்னியுங்கள், அம்மா.

தங்கராசா: வாழையிலை நான் கொண்டுவருகிறேன். சமையலுக்கு யார்?

யாழினி: அம்மாவும் நானும், மாமா. பெரியம்மா வந்தால் புளிக்கறி சரியாக வரும்.

கோகிலா: அப்படியென்றால் வகுப்பு அதற்கடுத்த சனிக்கிழமை. இங்கே நான்கு பேர் உறுதி. மேலும் இருவர் வீட்டில் கேட்டுச் சொல்வார்கள்.

வசந்தி: முன்பள்ளியில் இரண்டு தாய்மார் கேட்டிருக்கிறார்கள். வாழைச்சேனைப் பிள்ளையைச் சேர்த்தால் ஏழு. ஆனால் இதுவரை முன்பள்ளிப் பிள்ளைகளின் முன்னால்தான் பேசியிருக்கிறேன். பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் குரல் நடுங்கும்.

சுதன்: கையைப் பார்த்துப் பேசுங்கள், சின்னம்மா. பார்க்கிறவர்களும் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள்.

மல்லிகா (இரவு 9:55): அளவுக் கொப்பி பெட்டிக்குள் கிடைத்துவிட்டது. பூச்சி அரித்ததில் கை அளவு எழுதிய பக்கம் பாதி போய்விட்டது. வசந்தி, கை வளைவுக்கு எத்தனை அங்குலம் விட்டேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா?

வசந்தி: நினைவிருக்கிறது, அக்கா. கொப்பியைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து திரும்ப எழுதுவோம்.

தங்கராசா: அந்த 45,000 ரூபாக்காரருக்கு என்ன பதில் சொன்னாய்?

வசந்தி: இப்போதும் எடுத்துக் கதைத்தார், அண்ணா. நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.