பேடில் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கிறது, என்ன செய்யலாம்?

ஏழுமெகா:

வணக்கம் நண்பர்களே. அமெச்சூர் ரேடியோவில் மோர்ஸ் அடிக்கப் பேடில் (இரு பக்கமும் விரலால் தட்டும் விசை) வைத்திருக்கிறேன். சின்னப் பிரச்சினைதான், ஆனால் வீட்டில் பெரிதாகிவிட்டது.

எனக்கு ரிக் (ரேடியோப் பெட்டி) முன்னால் உட்கார நேரம் கிடைப்பது விடிகாலை நாலரையிலிருந்து ஆறு வரை. 40 மீட்டர் பேண்டில் ஐரோப்பா நன்றாக வருவதும் அப்போதுதான். இங்கே விடியும், அங்கே இன்னும் இருட்டு. ஹெட்போன் மாட்டிக்கொள்வேன், சைட்டோனும் (நான் அடிப்பது எனக்கே கேட்கும் 'பீப்') அதற்குள்ளேயே கேட்கும். என் வரைக்கும் வீடே நிசப்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் மாமியார் படுத்திருக்கிறார். ஒரு வாரமாக, "சுவர்ல பல்லி ஓயாம கத்துது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சாங்கத்தை எடுத்து, தென்மேற்கில் பல்லி சொன்னால் என்ன பலன் என்றுகூடப் பார்த்துவிட்டார். முந்தாநாள் என் மனைவி எழுந்து வந்து கதவைத் திறந்தாள். என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா, பல்லி இங்கதான் ஹெட்போன் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

இருப்பது இரண்டு லீவர் பேடில். பித்தளை லீவர், அலுமினிய அடிப்பலகை, மொத்தமே 350 கிராம்தான் இருக்கும். வேகம் நிமிடத்துக்கு 18 வார்த்தை. ஜெனரல் கிரேடு உரிமத் தேர்வின் 8 வார்த்தைக்காகப் பழகிய பழைய ஸ்ட்ரெயிட் கீயும் (மேலிருந்து அமுக்கும் தந்தி விசை) இருக்கிறது, அது இன்னும் மோசம். அடியில் மவுஸ் பேட் வைத்துப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் பேடில் நகர்ந்து நகர்ந்து ஓடுகிறது, இடது கையால் பிடித்துக்கொண்டே அடிக்க வேண்டியிருக்கிறது. தொட்டாலே வேலை செய்கிற டச் பேடில் வாங்கிவிடலாமா? அல்லது வேறு வழி உண்டா?

அலைவரிசை:

கீ கிளிக் (சிக்னலோடு காற்றில் போகிற 'கிளிக்') பிரச்சினைக்கு டச் பேடில் உதவாது நண்பரே. கேரியர் அலை சடாரென்று எழுந்து சடாரென்று விழுவதால்தான் கிளிக் வருகிறது. ரிக் மெனுவில் ரைஸ் டைம் (அலை எழும் நேரம்) இருந்தால் 5 மில்லிசெகண்ட் அளவுக்கு வையுங்கள். பழைய ரிக் என்றால் கீயிங் லைனில் ஒரு ரெசிஸ்டர், ஒரு கப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும்.

ஏழுமெகா:

நன்றி நண்பரே, ஆனால் காற்றில் போகிற கிளிக் இல்லை இது. இத்தாலிக்காரர் யாரும் புகார் சொல்லவில்லை, மாமியார்தான் சொல்கிறார். பித்தளை பித்தளையில் மோதுகிற சத்தம்.

தந்தித்தாத்தா:

தம்பி, நான் தந்தி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் மாமியார் செய்வதைத்தான் நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தோம்.

சவுண்டரில் (வருகிற தந்தியைச் சத்தமாக்கும் கருவி) 'பீப்' எல்லாம் கிடையாது. கரண்ட் வந்தால் ஆர்மேச்சர் என்கிற இரும்புத்துண்டு கீழே இறங்கி ஒரு 'டக்'. கரண்ட் போனால் மேலே ஏறி ஒரு 'டிக்'. இரண்டு சத்தத்துக்கும் குரல் வேறு. நடுவில் உள்ள இடைவெளி குறுகினால் புள்ளி, நீண்டால் கோடு. அந்தச் சத்தம் கூட்டத்தில் கேட்க வேண்டும் என்பதற்காகச் சவுண்டரை ஒரு மரக்கூட்டுக்குள் வைப்பதுண்டு. அமெரிக்காவில் காலிப் புகையிலை டின்னைப் பின்னால் செருகி வைப்பார்களாம். இரும்புத்துண்டு அப்படியேதான் இருக்கும், சத்தத்தைப் பெரிதாக்குவது கூடுதான்.

இப்போது உங்கள் மேசையைப் பாருங்கள். என்ன மேசை, சுவரை ஒட்டியா போட்டிருக்கிறீர்கள்? ஒரு சோதனை செய்யுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு வீட்டில் யாரையாவது பேடிலைத் தட்டச் சொல்லி, நீங்கள் மாமியார் அறையில் போய் நில்லுங்கள். முதலில் மேசை மேல் வைத்து, அப்புறம் பேடிலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு. மற்றதை அதற்குப் பிறகு பேசலாம்.

ஸ்ட்ரெயிட் கீயில் இன்னொன்று கவனியுங்கள். எல்லாரும் கான்டாக்ட் மோதுவதையே சொல்வார்கள். விரலை எடுக்கும்போது ஸ்பிரிங் லீவரைத் தள்ளி, பின்பக்கத் திருகு அடியில் வந்து இடிக்குமே, அதுவும் நல்ல சத்தம்தான். போகும்போது உங்கள் கை பிரேக் போடுகிறது. திரும்பும்போது யாரும் பிடிப்பதில்லை.

ஈயப்பற்று:

டச் பேடில் பற்றி மட்டும் சொல்கிறேன், நான் காசு விட்டவன். டிடிபி223 என்று குட்டி டச் மாட்யூல் விலை மலிவாகக் கிடைக்கும். இரண்டு வாங்கி, இரண்டு செப்புத் தகடு ஒட்டி, ஒரே சாயங்காலத்தில் முடித்தேன். பன்னிரண்டு வார்த்தைக்கு அருமை, ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. பதினெட்டுக்கு ஏற்றினால் புள்ளிகள் காணாமல் போயின. அந்தச் சிப் விரலை உணர்ந்து பதில் சொல்ல வேகமான நிலையிலேயே சுமார் 60 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும், தூங்கும் நிலையில் 220 வரை போகும். 1200-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு புள்ளியின் நீளம். 20 வார்த்தைக்கு அது 60 மில்லிசெகண்ட். அதாவது சிப் விழித்துப் பார்ப்பதற்குள் புள்ளி முடிந்து போயிருக்கும். பித்தளையிலேயே இருங்கள்.

மவுஸ் பேட் ஏன் சரிப்படவில்லை தெரியுமா? மேலே கனமில்லை. மெத்து அடியில், கனம் மேலே, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். கல் கடையில் வெட்டி மிஞ்சிய கடப்பைத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள், சும்மாவே கொடுப்பார்கள். பேடிலை அதன் மேல் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டுங்கள். கல்லுக்கு அடியில் நாலு மூலையிலும் பழைய ஹவாய் செருப்பை வெட்டி வையுங்கள். புதுச் செருப்பு வேண்டாம், தேய்ந்ததுதான் பிடிக்கும். வாசலில் கிடப்பது யாருடையது என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள், எனக்கு அனுபவம் உண்டு.

ஏழுமெகா:

பத்து நாள் கழித்து வருகிறேன், எல்லாருக்கும் நன்றி.

முதலில் தாத்தா சொன்ன சோதனை. மனைவிக்கு மோர்ஸ் தெரியாது, வெறுமனே மாற்றி மாற்றி அமுக்கினாள். மாமியார் கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்தால் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது, அசல் பல்லிதான். பேடிலைக் கையில் ஏந்தியதும் ஒன்றுமே இல்லை, நிறுத்திவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். மேசை பிளைவுட், அடியில் காலி இழுப்பறை, பின்விளிம்பு சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. தாத்தா சொன்ன மரக்கூட்டை நானே காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறேன்.

மேசையைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளினேன். பைசா செலவில்லை, பாதிச் சத்தம் அதிலேயே போயிற்று. அப்புறம் கடப்பைத் துண்டு, 20 செ.மீ.க்கு 12, தடிமன் 2 செ.மீ. ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். அடியில் என் செருப்புதான், விசாரித்துவிட்டே வெட்டினேன். பேடில் இப்போது நகர்வதே இல்லை. ஸ்ட்ரெயிட் கீயின் பின்பக்கத் திருகுக்கு அடியில் பழைய பெல்ட்டிலிருந்து ஒரு சுண்டுவிரல் நகமளவு தோல் வைத்தேன். 'டிக்' போய்விட்டது, 'டக்' மட்டும் மிச்சம். கை கொஞ்சம் வித்தியாசமாக உணர்கிறது, பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் ஒரு தட்டல் இருந்தது. அது என் விரல். கான்டாக்ட் இடைவெளியில் இரண்டு விசிட்டிங் கார்டு தாராளமாகப் போகும்படி வைத்திருந்தேன், அவ்வளவு தூரம் ஓடி வந்து லீவர் மோதினால் சத்தம் வராமல் என்ன செய்யும்? இப்போது ஒரே ஒரு ஏ4 தாள் உராய்ந்து போகிற அளவு. முதல் இரண்டு நாள் விரல் பட்டாலே புள்ளி கொட்டியது, 'எஸ்' அடித்தால் 'எச்' ஆனது. ஸ்பிரிங்கைச் சற்று இறுக்கியதும் அடங்கிவிட்டது.

நேற்று எனக்குக் காய்ச்சல், ரிக் பக்கமே போகவில்லை. காலை ஐந்து மணிக்குப் படுத்திருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "மாப்பிள்ளை, இன்னும் முடியலையா?" எழுந்து போய் விளக்கைப் போட்டேன். டியூப் லைட்டுக்குப் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு இருந்தது.

73 (வாழ்த்துகள்).