மருத்துவச் செயல்முறைகளின்போது காற்றில் கலக்கும் துகள்களை அளத்தல்: கலைச்சொல் முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

'ஏரோசால் ஜெனரேட்டிங் புரொசீஜர்' (மூச்சுக்குழலில் குழாய் செருகுதல் போன்று, நோயாளியின் சுவாசத் துகள்கள் காற்றில் கலக்கக் காரணமாகக் கருதப்படும் மருத்துவச் செயல்முறை) என்பதற்கு முன்வைக்கப்பட்ட 'தூசுப்படலம் உருவாக்கும் செயல்முறை' எனக்கு உடன்பாடாக இல்லை.

நோயாளி இருமும்போது காற்றில் கலப்பது தூசு அன்று. சுவாசப் பாதையின் உட்பரப்பை மூடியிருக்கும் நீர்மத்திலிருந்து பிரியும் துளிகளும், அவை உலர்ந்து சுருங்கியபின் எஞ்சும் நுண்துகள்களுமே. 'காற்றுக்கரைசல்' என்பதும் பொருந்தாது, ஏனெனில் இங்கே எதுவும் கரைவதில்லை. நீரோட்டத்தின் போக்கில் அலையும் உயிர்களை மிதவை உயிரிகள் என்கிறோம். அவ்வழியில் 'மிதவைத்துகள்' எனலாம். 'மிததுகள்' இன்னும் சுருக்கமானதுதான். ஆனால் வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதை மறந்து 'மிதத்துகள்' என்று எழுதிவிட்டால் அது மிதமான துகளாகிவிடும். மெய்ப்புத் திருத்துபவர்கள் அந்த ஒற்றைச் சேர்க்காமல் விடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அளவெல்லையைச் சொல்லுக்குள் நுழைக்க வேண்டாம். அசையாக் காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரோமீட்டர் துளி சில நொடிகளில் தரையைத் தொடும். 1 மைக்ரோமீட்டர் துகளுக்குப் பல மணிநேரம் ஆகும். இடைப்பட்டவை தொடர்ச்சியாக அமைந்திருக்க, அதைவிடப் பெரியவை துளிகள், சிறியவை ஏரோசால் என்று நெடுங்காலம் 5 மைக்ரோமீட்டரில் கோடு கிழித்துவந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனமே 2024இல் அந்தப் பிரிவினையைக் கைவிட்டு, எல்லா அளவினவற்றையும் 'தொற்றுச் சுவாசத்துகள்கள்' என்ற பொருள்படும் ஒரே பெயரில் அடக்கிவிட்டது.

என் முதன்மையான மறுப்பு 'உருவாக்கும்' என்பதன் மீதுதான். அந்தப் பெயரெச்சம் செயல்முறையையே எழுவாயாக்கிவிடுகிறது. கோவிட் காலத்தில் பிரிட்டனில், வடிகட்டிய காற்று இடைவிடாமல் பாய்ந்து பின்னணித் துகள்கள் ஏறத்தாழ இல்லாதிருந்த அறுவை அரங்குகளில், நோயாளியின் முகத்தருகே புனல் வைத்து ஒளியியல் துகள்மானியால் அளந்தபோது, மூச்சுக்குழலில் குழாய் செருகுவதால் வெளிவந்த துகள்கள் ஒருவர் தாமாக இருமும்போது வெளிவருவதில் மிகச் சிறு பங்காகவே இருந்தன. குழாயை எடுக்கும்போது நேரும் இருமலில் அளவு கூடியது, ஆயினும் அதுவும் தன்னிச்சையான இருமலை எட்டவில்லை. உயர்பாய்வு மூக்குவழி ஆக்சிஜன் கருவியைப் பொருத்தியபோது கூடுதலாகப் பதிவான துகள்கள் கருவியிலிருந்தே வந்தவை எனத் தெரிந்தது. பல் துளைப்பானைச் சுற்றி எழும் சாரலிலும் பெரும்பகுதி குளிர்விக்கும் நீர்தான். ஆகவே எது எதை உருவாக்கியது என்பது அளந்து அறியவேண்டிய வினா. அதற்குரிய விடையைப் பெயரிலேயே எழுதிவைப்பது முறையன்று.

'மிதவைத்துகள் உமிழ்வுச் செயல்முறை' என்றால் உமிழ்வுக்கும் செயல்முறைக்கும் உள்ள உறவைத் தொகை திறந்தே வைக்கிறது. அளக்கும் பணியை 'உமிழ்வளவீடு' எனலாம். மூலத்தைப் பிரித்துக் காட்ட 'நோயாளிவழி உமிழ்வு', 'கருவிவழி உமிழ்வு' என்ற இணை பயன்படும். 'உமிழ்வு' எச்சிலை நினைவூட்டும் என்ற கவலை, குறிப்பாகப் பல் மருத்துவத்தில், நியாயமானது; எனினும் ஒளி உமிழ்வு, புகை உமிழ்வு என இயற்பியலும் சூழலியலும் அதைப் பழக்கிவிட்டன. 'வெளியீடு' நூலையும், 'வெளியேற்றம்' சீழையும் நினைவூட்டுகின்றனவே!

ஆய்வறிக்கையில் இச்சொற்கள் தாங்குமா என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: 'பின்னணித் துகள்செறிவைக் கழித்தபின், கருவிவழி உமிழ்வு நோயாளிவழி உமிழ்விலிருந்து தனியே கணக்கிடப்பட்டது.' 'துகள்செறிவு' என்பதற்கு 'துகளடர்த்தி' என்று எழுதுவோரும் உண்டு. அடர்த்தி நிறையைச் சுட்டும் சொல்லாகையால், ஒரு லிட்டர் காற்றில் உள்ள எண்ணிக்கைக்குச் செறிவே ஏற்றது என்று கருதுகிறேன். மாற்றுக் கருத்து இருப்பின் அறியத் தாருங்கள்.