பி.எஸ்சி மேத்ஸ் சேரலாமா? படிச்சவங்க சொல்லுங்க

கரூர்_மாணவி:
பிளஸ் டூ முடிச்சிருக்கேன். பயோ-மேத்ஸ் குரூப், தமிழ் மீடியம், கவர்மென்ட் ஸ்கூல். கணக்குல 93. ஆர்ட்ஸ் காலேஜ்ல மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டுமே கிடைக்கும் போல இருக்கு. எனக்குக் கணக்குதான் பிடிக்கும். ஆனா அப்பா, "மேத்ஸ் படிச்சா வாத்தியார் வேலைதான், அதுக்கும் வருஷக்கணக்கா காத்துக் கிடக்கணும்"னு சொல்றார். பக்கத்து வீட்டு அக்கா ஸ்கூல்ல சென்டம். அவங்களே மூணாவது வருஷம் ரொம்பத் திணறிட்டாங்க. அதைப் பார்த்துதான் பயமா இருக்கு.

கோவை_டெவலப்பர்:
நான் மேத்ஸ் முடிச்சு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்சிஏ போனேன். இப்ப சாஃப்ட்வேர்லதான் இருக்கேன். எம்சிஏ ரெண்டே வருஷம்தான், அதனால அந்தக் கதவு மூடாது. அல்லைடு பாடம், அதாவது மேத்ஸோட கூடப் படிக்கிற துணைப்பாடம், தேர்வு பண்ண விட்டா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுங்க. கூடவே பைத்தான் நீங்களா கத்துக்கோங்க, காலேஜ் சொல்லித்தரும்னு காத்திருக்க வேணாம்.

நெல்லை_கணித_ஆசிரியை:
காலேஜ்ல கணக்கு எடுக்கிறேன்மா. அந்த அக்கா ஏன் திணறினாங்கன்னு முதல்ல சொல்லிடறேன், உங்க கேள்வியே அதுலதான் இருக்கு.

முதல் ரெண்டு வருஷம் கால்குலஸ், முக்கோணவியல், வகைக்கெழுச் சமன்பாடுன்னு பெரும்பாலும் பிளஸ் டூவோட தொடர்ச்சியாத்தான் போகும். நிறைய கணக்குப் போட்டுப் பழகினா மார்க் வந்துடும். மூணாவது வருஷம் ரியல் அனாலிசிஸும் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவும் வரும்போது போடறதுக்குக் கணக்கே இருக்காது. "ஒரு தொடர்முறை குவிந்தால் அதற்கு ஒரே ஓர் எல்லைதான் உண்டு என நிரூபி"ன்னு கேட்பாங்க. பார்த்த உடனே உண்மைன்னு தெரியும், ஆனா பேப்பர்ல முதல் வரி என்ன எழுதறதுன்னு தெரியாது. அந்த இடத்துல சென்டம் வாங்கின பிள்ளைங்க நிரூபணத்தை மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சிடறாங்க. அந்த நிரூபணத்துல எப்சிலான்னு ஒரு சின்ன எண் வரும், அதை எதுக்கு ரெண்டால வகுத்தோம்னு கேட்டா பதில் வராது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது, ஏன்னா அவங்களுக்குத் திறமை குறைவில்லை. இது வேற மாதிரி படிப்புன்னு யாரும் முன்னாடியே சொல்லலை, அவ்வளவுதான்.

அதனால சேர்றதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் இதைச் செஞ்சு பாருங்க. √2 விகிதமுறா எண்ங்கிற நிரூபணம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். புத்தகத்தை மூடி வச்சிட்டு √3-க்கு எழுதுங்க. அப்புறம் அதே நிரூபணத்தை √4-க்கு வரி மாறாம எழுதுங்க. √4 வெறும் 2. அப்போ எங்கேயோ ஒரு வரி பொய்யாகியே தீரணும். எந்த வரின்னு கண்டுபிடிங்க. அந்தத் தேடல் பிடிச்சிருந்தா தைரியமா மேத்ஸ் சேருங்க. எரிச்சல்தான் வந்ததுன்னா கம்ப்யூட்டர் சயின்ஸே எடுங்க, அதுல ஒரு குறையும் இல்ல.

அப்பா சொல்ற காத்திருப்பு நிஜம். பட்டதாரி ஆசிரியர்னா பி.எட்டும் டெட்ங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுல தேர்ச்சியும் வேணும், முதுகலை ஆசிரியர்னா எம்.எஸ்சி, பி.எட், அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியத்தோட டிஆர்பி தேர்வு. ஆனா அது மட்டும்தான் வழின்னு இல்ல. கடைசி வருஷத்துலயே ஜாம்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதலாம். மூணு மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். அதுல தேறினா ஐஐடியில எம்.எஸ்சி. 1993-லிருந்து எம்டிடிஎஸ்னு கணக்குக்கான கோடைப் பயிற்சி முகாம் நடக்குது. பாடத்தை ஒப்பிக்க விடாம கேள்வி கேட்டே யோசிக்க வைப்பாங்க. போயிட்டு வந்த பிள்ளைங்க வகுப்புல உட்கார்ற விதமே மாறிடும்.

சிறுசேரியில இருக்கிற சிஎம்ஐ (சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்), பெங்களூருல இருக்கிற ஐஎஸ்ஐ (இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் இன்ஸ்டிட்யூட்) மாதிரி இடங்கள்ல டிகிரி சேரத் தனி நுழைவுத் தேர்வு, பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்கணும். இந்தச் செய்தி நம்ம அரசுப் பள்ளிகளுக்கு நேரத்துல போய்ச் சேர்றதில்லைங்கிறதுதான் என் பெரிய ஆதங்கம். தங்கச்சி தம்பி இருந்தா இப்பவே சொல்லி வைங்க.

திருச்சி_குரூப்4:
தமிழ் மீடியம்னு சொன்னதால ஒண்ணு. ஒண்ணாம் வகுப்புலேர்ந்து டிகிரி வரைக்கும் தமிழ்லயே படிச்சா அரசு வேலையில 20 சதவீத முன்னுரிமை இருக்கு. நடுவுல மீடியம் மாத்தினா டிகிரி தகுதி கேட்கிற வேலைகளுக்கு அது போயிடும். யோசிச்சு முடிவு பண்ணுங்க.

நெல்லை_கணித_ஆசிரியை:
சரியான தகவல். ஆனா ஜாம் கேள்வித்தாள் இங்கிலீஷ்லதான் வரும். தமிழ் மீடியத்துல சேர்ந்தாலும் பக்கத்துல ஒரு இங்கிலீஷ் புத்தகம் வச்சுப் படிங்கம்மா. கணக்குப் புத்தகத்துல இங்கிலீஷ் ரொம்பக் கொஞ்சம்தான், ஒரு செமஸ்டர்ல பழகிடும்.

கரூர்_மாணவி:
மேடம், நேத்து ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். √3 வந்துடுச்சு. √4-ல, √4 = அ/ஆன்னு வச்சா அ² = 4ஆ². அதனால அ² நாலால வகுபடும். "ஆகவே அ-வும் நாலால வகுபடும்"னு அடுத்த வரி. அதுதானே தப்பு? அ = 2ன்னா 2² நாலால வகுபடுது, 2 வகுபடலை. மூணு பகா எண், நாலு அப்படி இல்ல, அதனாலதான் √3-ல அந்த வரி நிக்குது. சரியா? அப்பாகிட்டயும் காட்டினேன். சேர்ந்துக்கோன்னு இன்னும் சொல்லலை, ஆனா எம்சிஏ பத்திக் கேட்டார்.

நெல்லை_கணித_ஆசிரியை:
அதே வரிதான்மா! காரணமும் சரி. இப்ப √8 எடுங்க. அதே வரி அங்கேயும் உடையும், 4² எட்டால வகுபடும், 4 வகுபடாது. ஆனா √8 விகிதமுறா எண்தான். அப்போ அதை எப்படி நிரூபிப்பீங்க?